நாடகம் கேட்கும் வீடு

“நாடகம் கேட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்கிறார் கேள்வி அக்கா. தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, ‘அப்படியா’ போடக் கூடாது. “நம்ம ஜனங்க ரொம்ப நல்லவங்க தம்பி. எதைச் சொன்னா நாம சந்தோஷப்படுவோம்னு மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சு, அதையே சொல்லிருவாங்க.”

காசநோய் பற்றி வானொலியில் வாராவாரம் நாடகம் வருகிறது. அதைக் கேட்டவர்களுக்கு விவரம் தெரிந்ததா, தெரிந்தபடி நடந்தார்களா என்று வீடு வீடாகக் கேட்பது அவர் வேலை. அந்த வானொலி எட்டாத பகுதிகளிலும் இதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் ஒருநாள் நானும் ஒட்டிக்கொண்டேன்.

தையல்காரர் ஒருவர் நாடகத்தை நடித்தே காட்டிவிட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை என்று ஒப்பித்தார். கதாநாயகனான பஸ் டிரைவர் மாதிரி இருமினார். “உங்க வீட்ல அப்படி இருமினவங்க யாராச்சும் சோதனைக்குப் போனாங்களா?” என்றதும் மனிதருக்குத் திடீரென்று ஊசியில் நூல் கோக்கும் வேலை வந்துவிட்டது.

“தெரியும்கிறாங்க. போனீங்களான்னா பேச்சையே காணோம்” என்றார் அக்கா, படியிறங்கும்போது.

அவர் வீட்டிலும் அதே கதைதான். மர அறுவை மில்லில் வேலை செய்யும் அவர் கணவர் அந்த நாடகத்துக்குப் பரம ரசிகர். டிரைவர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியபோது, “அறிவிருக்காடா உனக்கு?” என்று ரேடியோவைத் திட்டியவர். ஒரு மாதமாக அவரும் இருமுகிறார். கேட்டால், “இது மரத்தூள் இருமல். அது வேற, இது வேற” என்கிறார்.

இதைச் சொல்லும்போது மட்டும் அக்காவால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள முடியவில்லை. “ஆளு பாதியா இளைச்சுட்டாரு தம்பி. எனக்குப் பயமா இருக்கு.” எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

நேற்றுக் காலை நாடக நேரத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். மாத்திரையை விட்ட டிரைவர் மறுபடி ஆஸ்பத்திரி வாசலில் நின்று, உள்ளே போவதா திரும்பிவிடுவதா என்று தவித்துக்கொண்டிருந்தார். “போடா உள்ள! என்னடா யோசனை?” என்று கத்தினார் அக்காவின் கணவர். கத்திய வேகத்தில் இருமல் பிடித்துக்கொண்டது; சுவரைப் பிடித்தபடி குனிந்துவிட்டார்.

அக்கா எழுந்து ரேடியோவை அணைத்தார்.

“ஏய், முக்கியமான கட்டம்டி!”

அக்கா வாசலுக்குப் போய்த் தன் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு குனிந்து, கணவரின் செருப்பை எடுத்துத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.