மாங்காய்ப்பால் கையெழுத்து

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவள் நான். கேரளத்து எல்லையில் இருக்கிற முதலமடையில் எங்கள் வீட்டைச் சுற்றி மாந்தோப்புதான், ஒவ்வொரு தோப்புக்கும் ஒரு கதை வைத்திருப்பார்கள், அங்கே வெள்ளைச் சேலை நிற்கும், இங்கே கொலுசுச் சத்தம் கேட்கும் என்று, அந்த வழியாகத்தான் இருபது வருஷமாக மாங்காய் ஷெட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறேன், ஒரு சேலையையும் பார்த்ததில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

முதலில் அப்புச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவுடைய அப்பா. நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள், அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு பொள்ளாச்சிப் பக்கம் போனவர் திரும்பவில்லை, என்னை வளர்த்தது அப்புச்சிதான். அடுத்தவர் தோப்பில் மரமேறி மாங்காய் பறிப்பது அவர் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. என் பள்ளிக்கூட மார்க் கார்டில் பெருவிரலை மையில் முக்கி வைக்க அவருக்கு வெட்கம், அதற்கு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு பச்சை மாங்காயின் காம்பை ஒடித்து, வடிகிற பாலை கார்டின் வலது மூலையில் ஒரு பொட்டாக வைப்பார், வைத்து அப்படியே கீழே ஒரு இழுப்பு இழுப்பார்.

"மை தண்ணி பட்டாப் போயிரும் கண்ணு. மாங்காப்பாலு போவாது" என்பார்.

மாங்காய்ப்பால் விழும்போது தண்ணீர் மாதிரிதான் இருக்கும், கண்ணுக்கே தெரியாது, ஒரு ராத்திரி போனால்தான் கறுக்கும். அதனால் முதல் நாள் சாயங்காலமே வைத்துவிடுவார். காய் இல்லாத மாதங்களில் பக்கத்து வீட்டு அத்தை கையெழுத்துப் போடுவாள், அது வேறு. டீச்சர்களும் அவர் வைத்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

ஒன்பதாவதில் கிறிஸ்துமஸ் பரீட்சைக் கார்டு தை மாதம் கைக்கு வந்தது. அன்று தோப்பில் லாரிக்கு லோடு ஏற்றிவிட்டு அவர் வர நேரமாகிவிட்டது, நான் தூங்கிவிட்டேன். காலையில் அவசர அவசரமாக வைத்துக் கொடுத்தார். வகுப்பில் புதிதாக வந்த டீச்சர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து எங்கே?" என்றார்.

"வெச்சாருங்க டீச்சர், நாளைக்குத் தெரியும்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. பொய் சொல்கிறேன் என்று வெளியே நிறுத்தினார். மறுநாள் அது கறுத்துவிட்டது, அதைப் பார்த்து இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள், பல்லி எச்சம் என்றார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது அப்புச்சியிடம் கத்தினேன்.

"அந்த எடம் எழுதத் தெரிஞ்சவங்களுக்கு. இனிமே நீங்க ஒண்ணும் வெக்கவேண்டாம், நானே போட்டுக்கறேன்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செரி கண்ணு. அந்த எடத்தை உனக்கே உட்டர்றேன்" என்றார்.

அவ்வளவுதான். மாசியில் கிளை முறிந்து விழுந்தார், மூன்றாம் நாள் போய்விட்டார். அதற்குள் என் கோபமெல்லாம் தீர்ந்துதான் இருந்தது, தீர்ந்துவிட்டது என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூடமும் அதோடு நின்றது.

முப்பது வருஷம் போனது. என் மகள் கோயம்புத்தூருக்கு நர்சிங் படிக்கப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்குப் பத்தாம் வகுப்பு நடத்துகிறார்கள், தமிழிலேயே எழுதலாம் என்று வார்டு மெம்பர் சொன்னார், போய்ப் பார்த்தால் அதே பள்ளிக்கூடம். நாற்பத்து நான்கு வயதில் பெஞ்சுக்கும் டெஸ்குக்கும் நடுவே முட்டி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஐப்பசியில் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். கணக்கில் எனக்கு எண்பதுக்குப் பதினொன்று. சார் என்னைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மனுஷன், எல்லோரையும் சிரிக்கவைக்க நினைத்து, "ஏனுங்க, ரக்ஷகர்த்தாவுகிட்டக் காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு வரோணும், செரிங்களா?" என்றார். ரக்ஷகர்த்தாவு என்றால் மலையாளத்தில் அப்பா அம்மா, வளர்க்கிறவர்கள். அறுபது வயதுக்காரர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மாமரத்தடியில் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இனிமேல் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். கிழித்துப் போடலாம் என்று தாளை இரண்டு கையாலும் பிடித்தேன், அப்போதுதான் மாங்காய்ப்பால் வாசம் அடித்தது. நம்பினால் நம்புங்கள், வருஷத்தில் நாலைந்து மாதம் அந்த வாசத்திலேயே கிடக்கிறவள் நான், எனக்கு அதில் தப்பு வராது. ஐப்பசியில் எங்கள் பக்கம் மரத்தில் பூகூட இருக்காது. நிமிர்ந்து பார்த்தேன், வெறும் இலைதான். மழை இல்லை, காற்று இல்லை. குனிந்தால் தாளின் கீழ் ஓரத்தில் ஈரமாக ஒரு பொட்டு. விரலால் தொட்டேன், சுருக்கென்று எரிந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ துண்டை உதறுகிற சத்தம் கேட்டது. கேட்ட மாதிரி இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சத்தியம் செய்து சொல்லமாட்டேன். விரல் எரிந்ததை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

தாளைக் கிழிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் கறுத்திருந்தது. ஒரு பொட்டு, அதற்குக் கீழே ஒரு இழுப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன், பதினாலு வயதில் அழாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு அதைச் சாரிடம் நீட்டினேன். "இது யாரு வெச்சதுங்க?" என்றார்.

"எங்க அப்புச்சிங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "பரவாயில்லையே, இன்னும் இருக்காருங்களா?" என்றார் சார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சையில் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆகிவிட்டேன். சர்டிபிகேட் வந்ததும் அதையும் அந்த மரத்தடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். நல்ல காய் காலம், கிளையெல்லாம் தொங்குகிறது. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. அப்புச்சிக்குப் பாஸ் ஆனதெல்லாம் ஒரு விஷயமே இல்லை போல.

மகள் சொல்கிறாள், ஏதாவது பிசினாக இருக்கும், காக்கை ஏதாவது போட்டிருக்கும் என்று. இருக்கலாம், நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தத் தாளை அவளிடம் காட்டி இதைச் சொன்னேன். அப்புச்சி என் கார்டுகளில் வைத்ததெல்லாம் வலது மூலையில். இது இடது மூலையில், ஓரமாக ஒண்டிக்கொண்டு இருக்கிறது. வலது மூலை சுத்தமாக வெற்றாக இருக்கிறது. நான் அன்றைக்குக் கத்தியதும் அவர் சொன்ன பதிலும் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது, மகளிடம்கூட நான் அதுவரை சொன்னதில்லை.

பேனாவை எடுத்துக்கொண்டு அந்தத் தாளுக்கு முன்னால் எத்தனையோ தடவை உட்கார்ந்துவிட்டேன். இப்போது எனக்கு நன்றாகவே கையெழுத்துப் போட வரும். அவர் எனக்கென்று விட்டு வைத்திருக்கிற அந்த இடத்தில் மட்டும் இன்றுவரை போட முடியவில்லை.