பன்னிரண்டு வீடுகளும் ஒரு போனும்

எங்கள் கம்பனி வளர்ந்த கதையை நான் கேக்குகளை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

தொடக்கத்தில் உட்துறைமுக வீதியில், படகு இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடைக்கு மேலே ஓர் அறை. இரண்டு கதிரை, ஒரு மேசை, நான், என்னைவிடப் பத்து வயது குறைந்த முதலாளி. தொழில் சிக்கலானதல்ல. இணையத்தில் சாமான் விற்பவர்கள் எங்களிடம் வருவார்கள். ஊர்ச்சனம் எங்களிடம் பதிந்து, அந்தச் சாமான்களின் லிங்கைத் தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும். யாராவது அதை அழுத்தி வாங்கினால் அனுப்பியவருக்கு ஒரு பங்கு, எங்களுக்கு ஒரு பங்கு. முதல் மாதம் வாங்கியவர்கள் இரண்டு பேர்: முதலாளியின் சித்தி, நான்.

சுவரில் மாவட்ட வரைபடம் இருந்தது. புதிய ஊரொன்றில் ஆள் சேர்ந்தால் அதில் ஊசி குத்திக் கேக் வெட்டுவோம். கப்பல்துறைக்கு பேக்கரியில் வாங்கிய துண்டுக் கேக். ஈச்சிலம்பற்றுக்கு ஐசிங் போட்டது. மூதூருக்கு வெட்டிய கேக்கில் கம்பனியின் பெயரே இருந்தது. அதற்குள் முதலாளிக்குக் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறையும் வந்துவிட்டது. அதுவரை தம்பி என்று கூப்பிட்டவரை நான் சேர் என்று கூப்பிடத் தொடங்கினேன். யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்த் தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை.

என் வேலை போலி ஆர்டர்களைப் பிடிப்பது. அதற்கு முன் பதினான்கு வருடம் ரியூட்டறியில் கணக்குப் படிப்பித்தவள் நான். பார்த்தெழுதுகிறவர்களைக் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றே பிடிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கிண்ணியாவில் ஒரு பெண் பதிந்திருந்தார். ஒருநாள் பார்த்தால், அவருடைய ஒரே போனிலிருந்து பன்னிரண்டு வீட்டுக்கு ஆர்டர். ரைஸ் குக்கர், கிரைண்டர், பள்ளிக்கூடப் பை. எல்லாம் ஒரே ஒழுங்கை, ஒரே சந்து. லிங்கை அனுப்பியவரே அதை அழுத்தி வாங்கிப் பங்கு எடுத்தால், விதிப்புத்தகத்தில் அதற்குப் பெயர் மோசடி. நான் அவர் கணக்கை நிறுத்தினேன். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. "போலி ஆர்டர்கள் காரணமாக இவருடைய கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது" என்ற செய்தி அந்தப் பன்னிரண்டு வீட்டு நம்பர்களுக்கும் தானாகப் போனது. அந்த வசனத்தை எழுதியதும் நான்தான். அந்த வாரம், மோசடியே இல்லாத கம்பனி என்று கொழும்பு விற்பனையாளர்கள் பாராட்டினார்கள் என்று கேக் வெட்டினோம். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் அந்தக் கிண்ணியாப் பெண் பஸ் ஏறி வந்தார். எங்கள் நகரத் தெருக்களில் மாடு போலத் திரியும் மான்களில் ஒன்று படிக்கட்டடியில் படுத்திருந்தது; அதைச் சுற்றிக்கொண்டு மேலே வந்து, என் முன்னால் நின்றார்.

"மிஸ், நான் கள்ள வேலை ஒண்டும் செய்யல்ல. எங்கட ஒழுங்கையில ஆரும் லிங்க அமத்த மாட்டாங்க, பயம். 'ராத்தா, எனக்கும் ஒண்டு ஆர்டர் சொல்லுங்க' எண்டு வாசல்ல வந்து நிப்பாங்க. நான் என்ட போன்ல சொல்லிக் குடுப்பன்."

"சிஸ்டம் அப்பிடித்தான் காட்டுது."

"சிஸ்டம் எங்கட ஒழுங்கைக்கு வந்து பாத்ததா?"

அவர் சொன்னது உண்மை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். லிங்கநகரில் என் வீட்டுக்கே காஸ் சிலிண்டர் சொல்வது பக்கத்து வீட்டு அக்காவின் போனிலிருந்துதான்.

"கணக்க மூடினா மூடுங்க, பரவால்ல. பின்னேரம் என்னட்ட குர்ஆன் ஓத வாற புள்ளையள்ல பாதிப்பேர் இப்ப வாறல்ல. மூலை வீட்டு ராத்தா நான் ஸலாம் சொன்னாலும் பதில் சொல்றல்ல. அந்த மெசேஜ் பிழை எண்டு ஒரு வரி அனுப்புங்க, மிஸ்."

கண்ணாடிக் கதவுக்குள் போய்க் கேட்டேன். "ஒண்டு பிழை எண்டு ஒத்துக்கொண்டா, இன்னும் எத்தனை பிழை எண்டு கேப்பாங்கள். ஏலாது அக்கா" என்றார் சேர். வெளியே வந்து நானும் ஏலாது என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடும் ஏலாது என்று சொல்ல முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

அதன் பிறகு விற்பனை படுத்துவிட்டது. சனம் லிங்கை அழுத்தவில்லை. பல மாதம் ஆராய்ந்து சேர் ஒரு திட்டத்தைக் கண்டுபிடித்தார். ஒழுங்கைக்கு ஒரு நம்பிக்கையான ஆள், அவர் போனிலிருந்தே எல்லா வீட்டுக்கும் ஆர்டர். புரொஜெக்டர் வைத்து விளக்கினார். கம்பனி கிடுகிடுவென்று வளர்ந்தது. மேல்மாடியையும் எடுத்தோம். இரண்டு தட்டுக் கேக் வந்தது. சீனி வருத்தம் என்று சொல்லி நான் சாப்பிடவில்லை. எனக்குச் சீனி வருத்தம் இல்லை.

"கிண்ணியாவுக்கு ஒரு நல்ல ஆள் பாருங்கோ, அக்கா" என்றார் சேர். பட்டியலைத் திறந்தேன். நல்ல ஆள் இருந்தார், நான் போட்ட சிவப்பு அடையாளத்தோடு.

போனேன். மன்னிப்புக் கேட்கப் போனதாகச் சொல்ல ஆசைதான். ஆனால் கம்பனி வேலையாகத்தான் போனேன். கதிரை போட்டு, பிளேன்டீ தந்தார். எதற்காக அவரை நிறுத்தினோமோ அதையே இனிச் செய்யும்படி விளக்கினேன். முழுவதையும் கேட்டார்.

"முதல் அந்த மெசேஜுக்கு ஒரு வழி செய்யுங்க."

"இப்பவே இன்னொரு மெசேஜ் அனுப்புறன்."

"மெசேஜ ஆரும் நம்ப மாட்டாங்க, மிஸ். வீடு வீடாப் போய் வாயால சொல்லுங்க."

போனேன். "இவவை நிப்பாட்டினது நான்தான். இவ ஒரு பிழையும் செய்யேல்ல. விசாரிக்காமல் செய்தது என்ர பிழை." முதல் வீட்டில் நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன். ஆறாவது வீட்டில் கிரைண்டருக்கு வாரண்டி இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர் என்னோடு வரவில்லை. தன் கேற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னிரண்டும் முடிஞ்சிதா?"

"மூலை வீடு பூட்டு."

"அப்ப நாளைக்கு வாங்க, மிஸ்."

சேரிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மறுநாளும் போனேன். மூலை வீடு திறந்திருந்தது. அந்த ராத்தா கதவைப் பிடித்தபடி நான் சொன்னதை முழுவதும் கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கி, என்னை அனுப்பியவருடைய கேற்றடி வரை நடந்துபோய், தானாகவே முதலில் ஸலாம் சொன்னார்.

கேற்றுக்குள் நின்றவர் முக்காட்டைச் சரிசெய்தார். கேற்றின் கொளுக்கியைக் கழற்றினார். பிறகு ஸலாமுக்குப் பதில் சொன்னார், முழுதாக.

என் பக்கம் திரும்பி, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, மிஸ்" என்றார்.