வெள்ளை முடிகிற இடத்தில் போட்ட கோடு

அன்று மலைக்குப் போனவர்கள் மூன்று பேர். சான்டா கிளாராவில் கேட்டரிங் நடத்தும் நான். என் மனைவியின் தம்பி ரியாஸ்; செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரைபடம் போடும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. மூன்றாவது, அதே கம்பெனியில் வேலை பார்க்கும் கார்த்திக். கோபிசெட்டிபாளையத்துக்காரன், ரவுண்ட் ராக் என்ற ஊரிலிருந்து முந்தின நாள் விமானத்தில் வந்திருந்தான்.

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை. விடியலில் பஜ்ர் தொழுதுவிட்டு என் வேனில் கிளம்பினோம். ஷாஸ்தா மலை இங்கிருந்து ஏறக்குறைய இருநூற்று எண்பது மைல். வாக்கவில் தாண்டுவதற்குள் இரண்டு தடவை நிறுத்தி டயரைத் தட்டிப் பார்த்தேன். பெட்ரோல் எழுபத்தெட்டு டாலர்.

"மச்சான், டயர் எங்கயும் ஓடிப் போயிடாது. ஏறுங்க" என்றான் ரியாஸ்.

"அங்க கரடி இருக்குமாடா?" என்றேன்.

"இருக்குங்ணா. ஆனா அதுக்கும் வீக்கெண்ட் லீவுங்க" என்றான் கார்த்திக்.

சிரித்தோம். ஆனால் சுற்றிப் பார்க்கப் போகிற பயணமில்லை அது. கோடை முடிவில் எடுத்த படத்தைத் திரையில் வைத்து, பனியாறு எதுவரை இருக்கிறது என்று ஓரம் வரைவது ரியாஸின் வேலை. வெள்ளை எங்கே முடிகிறதோ அங்கே கோடு போடுவார்கள், எல்லாரும் அப்படித்தான். போன வருடம் ரியாஸ் போட்டுக் கொடுத்த கோட்டைப் பற்றி இப்போது வாடிக்கையாளர்கள் சந்தேகம் கேட்டிருந்தார்கள். கோட்டுக்குக் கீழே கற்கள் அமிழ்ந்துகொண்டே போகின்றன, அடியில் பனி இருக்கிறதோ என்று. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற வாரமும் அதுதான். வேலை போனால் விசா போகும். அறுபது நாளில் வீட்டைக் காலி பண்ணிவிட்டு நாட்டை விட்டே கிளம்ப வேண்டும். அவன் மகள் அந்த மாதம்தான் கிண்டர்கார்டனில் சேர்ந்திருந்தாள். அதனால் நேரில் பார்த்துவிடுவதென்று புறப்பட்டான். அங்கே வெறும் தரையாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் துஆ கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

ரெட்டிங் தாண்டியதும் ரியாஸ் எனக்கு விளக்கினான். நான் ஒன்பதாவதோடு நின்றவன். எனக்குப் புரிகிற மாதிரி சொல்வான்.

"ஐஸ் மேல தூசி கொஞ்சமா விழுந்தா சீக்கிரம் உருகும் மச்சான். கறுப்பு, வெயில இழுக்கும்ல. அதே கல்லு தடியா மூடிட்டா வெயில் உள்ளயே போகாது. ஐஸ் உருகாம கெடக்கும்."

"மீன் பொட்டியில ஐஸ் மேல சாக்கு போடற மாதிரி."

"அதேதான். ஆனா சேட்டிலைட்டுக்குச் சாக்கு மட்டும்தான் தெரியும். ஐஸ் மேல கெடக்குற கல்லும் தரையில கெடக்குற கல்லும் அதுக்கு ஒண்ணு."

வீட் என்ற சிற்றூரைத் தாண்டி மண் சாலையில் வேன் குலுங்கிக் குலுங்கி ஏறியது. பதினொரு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். மரங்கள் முடிந்து மேடு ஏறி, பல மணி நேரம் கழித்துப் பனியாற்றுக்குக் கீழே போய்ச் சேர்ந்தோம். காலண்டர் படத்தில் வருகிற பனி எதுவும் அங்கே இல்லை. குவாரிக் கழிவைக் கொட்டி வைத்தது போலச் சாம்பல் நிறத்தில் கல்லும் சரளையும். ஒரு செடி இல்லை. காலுக்கு அடியில் எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் கண்ணில் படவில்லை.

ரியாஸ் ஃபோனைப் பார்த்தான். அவன் போட்ட கோடு இன்னும் வெகு தூரம் மேலே இருந்தது. காலால் ஓங்கி மிதித்தான். "தரைதான் மச்சான். பாருங்க, கெட்டியா இருக்கு."

கார்த்திக் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினான். அடியிலிருந்த சரளையைக் கையால் தள்ளினான். ஒரு முழ ஆழம் கூட இல்லை. கறுப்பாக, ஈரமாகப் பளபளத்தது பனிக்கட்டி.

ரியாஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"டேய், யாருடா பாத்தா?" என்றான் கார்த்திக். "கல்லத் திருப்பி வெச்சுட்டு எறங்கிரலாம். ரோடு க்ளோஸ், போக முடியலைன்னு மெயில் போடு."

நானும் சொன்னேன்: "அவன் சொல்றது சரிதான்டா. புள்ளைய நெனச்சுப் பாரு."

"ஐஸ் உருகுனா கீழ சேறு சரிஞ்சு வருதுல்ல மச்சான், எந்த ரோட்ட எப்ப மூடணும்னு இந்த மேப்ப வச்சும் பாக்குறாங்க. இங்க ஐஸே இல்லைன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன்."

எழுந்து, உண்மையான ஓரத்தைத் தேடிப் போனான். அங்கங்கே கல்லைப் புரட்டுவான், பனி இருந்தால் ஃபோனில் இடத்தைக் குறிப்பான், நகர்வான். "பாத்துடா, பாத்துடா" என்று கத்திக்கொண்டே பின்னால் போனேன். பனி முடிந்துவிட்டது என்று நினைத்து ஒரு சரிவில் தைரியமாகக் கால் வைத்தான். அங்கே சரளை மெல்லிசாகத்தான் மூடியிருந்தது. அடியில் பனி வழுக்க, மேலே கிடந்த கல்லெல்லாம் அவனோடு சேர்ந்து நகர்ந்தது. அவன் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

கார்த்திக்கின் ஃபோன் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்டது. மீட்புக்குழுவினர் இருட்டுகிற நேரத்துக்கு வந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். எவ்வளவு என்று கேட்டேன். ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, காசு வேண்டாம் என்றார். மலையடியில் காத்திருந்த ஆம்புலன்ஸ்காரர் அப்படிச் சொல்லவில்லை.

கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஞாயிறு காலை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ரியாஸ் சொல்லச் சொல்லக் கார்த்திக் பதில் மெயிலைத் தட்டினான்.

"உனக்குக் கிறுக்குடா" என்றான் நடுவில். "'என் கோடு தவறு'ன்னா போடட்டும்?"

"அப்படியே போடு."

அனுப்பியும் விட்டார்கள்.

ரியாஸை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, கார்த்திக்கை விமானம் ஏற்ற அன்று மாலையே திரும்ப வேண்டியிருந்தது. I-5 நெடுஞ்சாலையில் வருகையில் கண்ணாடியில் மலை தெரிந்தது. உச்சியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. அதற்குக் கீழே வெறும் கல் என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன். இங்கே எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் தார் தரைதான், ஒன்றும் ஆகாது. இருந்தாலும் ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் இன்னொரு காலை எடுத்து வைக்கிறேன்.

கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லாமல் நன்றி சொல்லி மெயில் வந்தது. திருத்திய வரைபடத்தில் ரியாஸ் குறித்த இடங்கள் வழியாகவே கோடு போகிறதாம், கார்த்திக் சொன்னான். ரியாஸ் கட்டுப் போட்ட காலோடு பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு விமானம் ஏறினான். இன்சூரன்ஸ் ஒரு பகுதியைத்தான் கொடுத்தது. ஆம்புலன்ஸ் பில் இப்போது என் விலாசத்துக்கு வருகிறது. மாதம் நூறாகக் கட்டுகிறேன். இன்னும் பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது டாலர்.