ஓகஸ்ட் வரை உழுத்தங்களி

தங்கச்சி தை மாதம் பெரிய பிள்ளையானாள். பன்னிரண்டு வயது. அப்போதே கொஞ்சம் பருமன்தான்.

எங்கள் ஆட்களின் வழக்கப்படி, பெரிய பிள்ளையானவளுக்குச் சடங்கு முடியும்வரை பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி கொடுப்பார்கள். ஊரில் அது சில நாட்களில் முடிந்துவிடும். நாங்கள் இருக்கும் இத்தாலியின் பலெர்மோவில் சடங்கு என்றால் மண்டபம், விடியோ, பாரிஸ் மாமா. மாமாவுக்கு ஓகஸ்டில்தான் லீவு. ஆகவே களியும் ஓகஸ்ட் வரை என்று அம்மாவும் பெரியம்மாவும் முடிவெடுத்தார்கள். அதில் ஏதும் பிழை இருப்பதாக இரண்டு பேருக்கும் கடைசிவரை தோன்றவில்லை.

இருவரும் பொலிதேயாமா பக்கம் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். வரும்போது வீட்டுக்காரச் சின்யோரா கொடுத்த மிச்சக் கேக்கும் வரும். அதுவும் தங்கச்சியின் தட்டுக்கே போனது.

பள்ளியில் உடற்பயிற்சி வகுப்புள்ள நாட்களில் அவளுக்கு வயிற்றுவலி வரத் தொடங்கியது. அவள் ஓடுவதை வகுப்பில் ஒருத்தி கைபேசியில் படம்பிடித்துச் சிரித்தாளாம். என்னிடம் மட்டும்தான் சொன்னாள். சடங்குக்கு மறுநாள் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் குளிக்க வரும்படி சிநேகிதிகள் கூப்பிட்டிருந்தார்கள். கடல் என்றால் அவளுக்கு உயிர்.

"நான் போகேல்லை அக்கா," என்றாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். இப்போது உணவியல் படிக்கிறேன். பிள்ளைகளுக்கான டொக்டர் எடையைப் பார்த்துவிட்டு, இந்த வயதிலேயே சர்க்கரை வருத்தம் வரலாம் என்று சொன்னதை நான்தான் வீட்டில் தமிழில் சொன்னேன்.

"வெள்ளைக்காரருக்கு எங்கடை களியைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் பெரியம்மா.

"எனக்குத் தெரியும்."

"நீ படிச்சனி. பிள்ளை பெத்தனியோ?"

பெரியம்மாவின் அறிவு இந்தக் கேள்வியைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை.

யாழ்ப்பாணத்தில் தை மாத அளவுக்குத் தைத்த பிளவுஸின் கொக்கியைச் சடங்கன்று காலை பூட்ட முடியவில்லை. களி கிண்டிய அதே பெரியம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். "இதென்னடி, பூசணிக்காய் மாதிரி ஊதிப்போய் நிக்கிறாய்!" அம்மா முதுகுப்பக்கம் ஊசிகளால் குத்தி, மேலே சால்வையைப் போட்டு மூடினார். "கையைத் தூக்கிப்போடாதை. விடியோவிலை தெரியும்."

தங்கச்சி மேடையில் கையைத் தூக்காமல் இருந்தாள். மாமிமார் வரிசையாக வந்து ஆலாத்தி எடுத்துவிட்டு இனிப்பு ஊட்டினார்கள். கடைசியாகப் பெரியம்மா களியோடு வந்தார்.

"ஆ காட்டு பிள்ளை."

"காணும் பெரியம்மா, இனி வேண்டாம்."

விடியோக்காரர், "தங்கச்சி, ஒருக்கா வாயைத் திறவுங்கோ," என்றார். தங்கச்சி திறந்தாள், பேசுவதற்கு.

"நாளைக்கு நான் கடலுக்குப் போறன்."

"உந்த உடம்போடையோ?"

"ஓம். என்னட்டை வேறை உடம்பு இல்லை."

பெரியம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. பாரிஸ் மாமா சிரிப்பை இருமலாக்கினார். களியை என்ன செய்வதென்று தெரியாமல் பெரியம்மா தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். அந்த இடத்தை விடியோவில் வெட்டிவிட்டார்கள்.

மறுநாள் தங்கச்சி நீச்சலுடையோடு, கைகளை உயர்த்திக்கொண்டு பாறையிலிருந்து கடலில் குதித்தாள். சிநேகிதிகளின் உடுப்புகளுக்குக் காவலாக நான் கரையில் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது வெயிலில் கறுத்திருந்த அவள் முகத்தைப் பெரியம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை வாடிப்போனாள். கொஞ்சம் களி கிண்டட்டே?"