இந்தப் பெயரில் எவரும் இல்லை

நான் வேலைக்குச் சேர்ந்த கொம்பனியில் வேலைக்காரர் என்று ஒருவரும் இல்லை. ஸ்காபரோவில் ஒரு பிளாசாக் கடைத்தொகுதியின் பின்பக்கம், தரையில் பதிக்கும் ரைல்ஸ் பெட்டிகள் அடுக்கிய பெரிய கொட்டகை. அதன் ஒரு மூலையைக் கண்ணாடியால் மறித்து ஒஃபிஸ் ஆக்கியிருந்தார்கள். வீடுகளுக்கு ரைல்ஸும் மரத்தரையும் போட்டுக் கொடுப்பது தொழில். காலையில் முப்பது பேர் வரை வான்களில் வந்து சாமான் ஏற்றிக்கொண்டு போவார்கள். முப்பது பேரும் கொன்ராக், ஒப்பந்த ஆட்கள். கடதாசியின்படி ஒவ்வொருவரும் தனித்தனி வியாபாரி. முதலாளி இதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிச் சிரிப்பார்.

"என்னட்டை வேலைக்காரர் ஒருத்தரும் இல்லை. முப்பது முதலாளிமார் இருக்கினம். நான்தான் அவையளுக்கு வேலைக்காரன்."

என் வேலை, காலையில் ஒவ்வொருவருடைய தொலைபேசிக்கும் அன்றைய வீட்டு விலாசத்தை அனுப்புவது. விலாசம் போனவருக்கு அன்றைக்கு வேலை உண்டு, போகாதவருக்கு இல்லை. யாரையும் வேலையை விட்டு நிற்பாட்டியதாக எங்கள் கொம்பனியில் ஒரு கடதாசிகூடக் கிடையாது. மற்ற நேரத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நான் கழுத்துப்பட்டையுள்ள சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதைப் பார்க்கவென்றே காலையில் யன்னலடியில் நிற்பார்.

அந்தக் கடிதம் கையெழுத்து வைத்து வாங்கவேண்டிய தபாலில் வந்தது. பிள்ளைகளுக்கான பராமரிப்புப் பணத்தை அறவிட்டுக் கொடுக்கும் அரசாங்க அலுவலகம் அனுப்பியிருந்தது. இன்ன பெயருடைய ஒருவர் தன் மகளுக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கிறது, அவருக்கு நீங்கள் வேலையாளாகவோ கொன்ராக்காகவோ ஏதாவது கொடுப்பதானால் எங்களுக்கு அறிவியுங்கள், அதில் ஒரு பங்கைக் கழித்து எங்களுக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் இல்லையென்று எழுதுங்கள். சாரம் இதுதான்.

பெயரை வாசித்ததும் எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஆனால் பெயர் தலைகீழாக இருந்தது. நாங்கள் தகப்பன் பெயரை முன்னால் போட்டுத் தன் பெயரைப் பின்னால் எழுதுகிற ஆட்கள். இந்த நாட்டுக்கு வந்து முதல் பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன என்று படிவம் கேட்கும்போது ஒரே ஆள் ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் மறு மாதிரியும் எழுதிவிடுவார். கடிதத்தில் இருந்தது அவருடைய கலியாணப் பத்திரத்தில் உள்ள விதம், எங்கள் காசோலையில் மற்ற விதம். பிறந்த திகதியையோ வரி இலக்கத்தையோ நாங்கள் கொன்ராக் ஆட்களிடம் கேட்பதும் இல்லை, அவர்கள் தருவதும் இல்லை.

அவர் வெளியே வானில் பெட்டி ஏற்றிக்கொண்டு நின்றார். நாற்பது வயது இருக்கும். நல்ல ரைல்ஸ்காரர், என்னோடு அன்பாக இருப்பார். முதலாளி கண்ணாடியில் தட்டி அவரை உள்ளே கூப்பிட்டார்.

"இஞ்சை வா. உன்ரை மனிசி உனக்குக் காதல் கடிதம் போட்டிருக்கிறாள். அரசாங்க முத்திரை குத்தி."

"அவளுக்கு நான் குடுத்தது காணாதாமோ?"

"என்னடா குடுத்தனி?"

"பிள்ளையைக் குடுத்தனான்தானே அண்ணை."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம், யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "படிச்சவர் சொல்லும் பாப்பம். இந்தப் பேரிலை எங்களிட்டை ஆரும் இருக்கினமோ?"

"பேர் மாறிக் கிடக்கு அண்ணை. ஆனா ஆள்..."

"ஆளைக் கேக்கேல்லை. பேரைக் கேட்டனான்."

"இந்தப் பேரிலை ஒருத்தரும் இல்லை."

"அப்ப அதை எழுதும். நான் உம்மைப் பொய் எழுதச் சொல்லேல்லையே. உண்மையை எழுதும்."

எழுதினேன். 'எங்கள் பதிவுகளை மிகக் கவனமாகத் தேடிப் பார்த்தோம். வேலையாளாகவோ கொன்ராக்காகவோ இந்தப் பெயரில் எவரும் இல்லை.' மிகக் கவனமாக என்ற சொல்லை முதலாளி கேட்கவில்லை. வாக்கியம் மொட்டையாக இருக்கிறதென்று நானே சேர்த்தேன். அடுத்த நாள் அந்த ரைல்ஸ்காரர் எனக்கு இரண்டு மட்டன் ரோல்ஸ் வாங்கி வந்தார். சூடாக இருந்தன. சாப்பிட்டேன்.

நாங்கள் இருந்த அடுக்குமாடியில் ஆங்கிலக் கடிதம் வந்தால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். வாசித்துச் சொல்லுவேன், மறுமொழியும் எழுதிக் கொடுப்பேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் வந்த பெண்ணை நான் முன்பு கண்டதில்லை. ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை கூட வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருப்பதாகவும் பேக்கரியில் காலை வேலை செய்வதாகவும் சொன்னார். பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"இவள் இங்கிலீஷ் வாசிப்பாள் தம்பி. ஆனா இதை இவளைக் கொண்டு வாசிப்பிக்கேலாது."

விரித்தேன். பராமரிப்பு அலுவலகம் அவருக்கு அனுப்பியது. அவருடைய கணவர் வேலை செய்வதாக அவர் சொன்ன கொம்பனி தந்த மறுமொழியை அதில் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். என் வாக்கியம்.

அதைத் தமிழில் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"வடிவா விளங்கேல்லை. இன்னொருக்கா."

மறுபடியும் சொன்னேன். மிகக் கவனமாகத் தேடிப் பார்த்தார்கள், இந்தப் பெயரில் எவரும் இல்லை.

"கவனமாத் தேடினவையாமோ?"

"ஓம் அக்கா. அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு."

பிள்ளை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து அந்த வரியில் விரலை வைத்து, யாரைத் தேடுகிறார்கள் அம்மா என்று ஆங்கிலத்தில் கேட்டது. தாய் அந்த விரலை மெல்ல விலக்கினார். என்னைத்தான் பார்த்தார்.

"இவள்டை அப்பா ரெலிபோன் எடுத்தவர். எங்கடை ஒஃபிசிலை ஒரு படிச்ச பெடியன் இருக்கிறான், உன்ரை அரசாங்கத்துக்கு நல்ல மறுமொழி குடுத்துப்போட்டான் எண்டு சொல்லிச் சிரிச்சவர். ரைல்ஸ் கடையிலை வேலை செய்யிற, கடிதம் எழுதுற படிச்ச பெடியன் இந்தப் பக்கத்திலை எத்தினை பேர் தம்பி?"

அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்றார். அதை மேசையில் வைக்காமல் திருப்பி உள்ளே கொண்டுபோனார். அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வெட்கப்பட்டாரா, எனக்குக் கொடுக்க மனமில்லையா என்று நான் இன்றைக்கும் கேட்கவில்லை.

பிறகு அந்தப் பெண் தன் நிலைமையைச் சொன்னார். பேஸ்மென்றைப் பங்குனி முடிவதற்குள் விடவேண்டும், வீட்டுக்காரரின் மகனுக்குக் கலியாணம். எங்கள் கட்டடத்தில் ஒரு சின்ன அப்பார்ட்மென்ற் காலியாக இருந்தது. பேக்கரிச் சம்பளத்தை மட்டும் காட்டினால் தரமாட்டார்களாம், பராமரிப்புப் பணம் வருகிறதென்று ஒரு கடிதம் காட்டினால் தருவார்களாம். அது கிடைக்காவிட்டால் தள்ளி அஜக்ஸ் நகரில் இருக்கிற அண்ணன் வீடு. முன்பும் ஒரு வருடம் அங்கே இருந்திருக்கிறார். அண்ணி தாயையும் பிள்ளையையும் வீட்டைச் சூடாக்கும் மெஷின் இருக்கிற அறையில் படுக்க விட்டு, வீட்டு வேலை முழுவதும் வாங்கினாளாம். அங்கிருந்து விடியற்காலைப் பேக்கரி வேலைக்கு வர பஸ்ஸும் இல்லை.

"இப்ப எனக்கு எழுதும்," என்றார். "பேரைத் திருப்பிப் போட்டு எழுதும். உமக்குத்தானே ரெண்டு விதமும் தெரியும்."

எழுதினேன். ஒரே ஆளை இரண்டு விதமாக எழுதும் எங்கள் வழக்கத்தை வெள்ளைக்காரருக்கும் விளங்கும்படி ஒரு பந்தியில் விளக்கினேன். இன்ன கொம்பனி, இன்ன பெயரில் காசோலை, எல்லாம் போட்டேன். அவர் நன்றி சொல்லவில்லை.

மூன்று கிழமையில் இரண்டாவது கடிதம் ஒஃபிசுக்கு வந்தது, இரண்டு பெயர்களோடும். முதலாளி அதைத் தூக்கிப் பிடித்தார்.

"இஞ்சை பாரடா. அரசாங்கம் தமிழ் படிச்சிட்டுது."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "நான்தான் எழுதிக் குடுத்தனான் அண்ணை," என்றேன்.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் கடிதத்தை என் மேசையில் வைத்தார். "அப்ப உள்ளதை எழுதும். ஓம், எங்களிட்டைக் கொன்ராக் செய்யிறார், கழிச்சு அனுப்புறம் எண்டு எழுதும்."

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது. அதே மேசையில் இருந்து உண்மையை எழுதி, தபாலில் போட்டுவிட்டு வந்தேன். வெளிக்கிடும்போது முதலாளி சொன்னார், "நாளைக்கு அவனுக்கு விலாசம் அனுப்பாதையும்."

"நாளைக்கு மட்டுமோ அண்ணை?"

"நாளைக்கு."

அடுத்த நாளும் நாளைக்கு என்றார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். நாலாம் நாள் அந்த ரைல்ஸ்காரர் கொட்டகைக்கு வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதிலை ஏதும் பிழையோ பாரும். மெசேஜ் ஒண்டும் வருகுதில்லை."

நான் அதை வாங்கிப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். முதலாளி உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "ஃபோன் நல்லாத்தான் கிடக்கு. உன்னோடை கணக்குப் பாத்து அரசாங்கத்துக்கு அறிக்கை எழுத எனக்கு நேரமில்லை, அவ்வளவுதான்."

"அப்ப என்னை நிப்பாட்டிப் போட்டியளோ?"

"ஆரடா உன்னை நிப்பாட்டினது? நீ முதலாளியெல்லோ. உன்ரை கொம்பனியை நீதான் நடத்தவேணும்."

வானுக்குள் சாமான் ஏற்றிக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள், முன்பு அவர் சிரித்த அதே மாதிரி. அவர் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கிச் சட்டையில் துடைத்தார்.

"உமக்கு நான் என்ன குறை வைச்சனான்?" என்று என்னிடம் கேட்டார். கோபத்தோடு அல்ல, உண்மையாகவே விளங்காமல். பிறம்ரன் நகரில் ஒரு களஞ்சியத்தில், கணக்கில் வராத கைக்காசுக்கு வேலை செய்வதாகப் பிறகு கேள்விப்பட்டேன். யாருக்காக வேலை செய்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது.

பராமரிப்பு அலுவலகத்தின் அடுத்த படிவத்துக்கு நான் உண்மையைத்தான் எழுதினேன். இவர் இப்போது எங்களிடம் வேலை செய்வதில்லை, கழிப்பதற்கு ஒன்றும் இல்லை.

முதலாளி என்னை நிற்பாட்டுவார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். மாறாக, சம்பளத்தைக் கூட்டினார். காரணத்தை, புதிதாக வந்த ஒருவர் கூலி காணாது என்று முறைப்பட்டபோதுதான் அறிந்தேன். முதலாளி என்னைக் காட்டினார். "உதிலை இருக்கிறவர் நல்ல நேர்மையான பெடியன். உன்ரை பேரை அரசாங்கத்துக்கு வடிவா எழுதிப்போடுவார். எழுதச் சொல்லட்டோ?" அந்தப் புதியவர் கூலியைப் பற்றிப் பிறகு பேசவில்லை. அன்றிலிருந்து அந்த முப்பது பேரில் ஒருவரும் என்னோடு தேவைக்கு மேல் கதைப்பதில்லை. என்னிடம் மறைக்க எதுவும் இல்லாதவர்களும்தான்.

சித்திரையில் அந்தப் பெண் திரும்பவும் வந்தார், தனியாக. அஜக்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். எங்கள் கட்டடத்து அப்பார்ட்மென்றில் வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள், பேக்கரி வேலையும் போய்விட்டது. கை முழுவதும் வெளிறி வெடித்திருந்தது. பாத்திரம் கழுவுகிற மருந்தாக இருக்கவேண்டும்.

"கேசைத் திருப்பி எடுக்கிறன் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாரும். நான் எடுத்தால் கையிலை காசு தாறனெண்டு பிள்ளையின்ரை அப்பா சொல்லுறார்."

"அவர் தரமாட்டார் அக்கா."

"தெரியும்."

"பிறகேன் எடுக்கிறியள்?"

"ஒரு மாசமாவது தருவார். அது வந்தா எங்கையாவது ஒரு அறைக்கு முற்பணம் கட்டுவன். கேஸ் கிடந்தால் அந்த ஒரு மாசமும் இல்லை."

கேஸ் இருந்தால் என்றாவது அவர் பிடிபடுவார், நிலுவை எல்லாம் சேரும், அலுவலகம் விடாது என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அந்தப் பெண் நான் முடிக்கும்வரை கேட்டார்.

"சொல்லி முடிஞ்சுதோ? இனி எழுதும். உமக்கு அதுதானே தெரியும்."

"காரணம் கேப்பினம். என்ன போடுறது?"

"நீர்தானே படிச்சனீர். ஏதாவது நல்லதாப் போடும்."

நானும் என் கணவரும் எங்களுக்குள் பேசி ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டோம், ஒருவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் என் சொந்த விருப்பத்தின்பேரில் விலகிக்கொள்கிறேன் என்று எழுதினேன். தமிழில் சொல்லச் சொன்னார், சொன்னேன். இன்னொருக்கா என்று இந்த முறை கேட்கவில்லை. காட்டிய இடத்தில் தமிழில் கையெழுத்து வைத்து, மடித்துப் பைக்குள் வைத்தார்.

"போன கடிதத்தைவிட இது நல்லா வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று எழும்பினார்.