மழைக்கஞ்சியை ஒத்திவைத்த விஞ்ஞானி

மழையை நம்பிப் பயிர் செய்வது எப்படி என்று ஊருக்குக் காட்ட ஒரு விழா. அந்த விழாவன்று மழை வந்துவிடக் கூடாதே என்று பதறுகிறார் ஒரு விஞ்ஞானி. நம்புவீர்களா? போன மாதம் என் கண்ணாலேயே பார்த்தேன். அதில் என் புதுச் செருப்பும் போயிற்று... அதைப் பிறகு சொல்கிறேன்.

விஞ்ஞானியின் பெயர் ஞானராஜ். கோவில்பட்டியில் மானாவாரிப் பயிர் ஆராய்ச்சி செய்கிறவர். சாயங்காலம் என்னோடு காபி சாப்பிடுகிற நல்ல மனுஷன். கரிசலில் பெய்கிற மழை ஓடைக்கு ஓடும்போது மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடுகிறது. சரிவுக்குக் குறுக்கே உழுது, சின்ன வரப்புகளாகக் கட்டம் கட்டிவிட்டால் தண்ணீரும் நிற்கும், மண்ணும் நிற்கும் — இதுதான் அவர் கட்சி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செய்து பார்க்க நிலம் யார் கொடுப்பது? புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பொன்னுத்தாய் என்கிற அம்மாள் ஒருத்திதான் சம்மதித்தாள். இருந்த ஒரே புஞ்சையைக் கொடுத்து, கட்டம் கட்டி, பருத்தி போட்டாள். 'பொன்னுத்தாயி காட்டுல தாயம் ஆடப் போறா' என்று ஊரே சிரித்தது.

முதல் மழைக்கு முளைத்த பருத்தி, மொட்டும் விட்டது. அப்புறம் மேகம் வருவதும் போவதுமாக இருந்ததே தவிர ஒரு சொட்டு விழவில்லை. இலை துவண்டுவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் மொட்டெல்லாம் உதிர்ந்துவிடும். அவளுக்கு அந்த வருஷமே அவ்வளவுதான்.

இந்த மாதிரி நேரத்தில் எங்கள் பக்கத்தில் மழைக்கஞ்சி எடுப்பார்கள். பெண்கள் வீடு வீடாகப் போய் மாவு வாங்கி, உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சி, தெருவில் உட்கார்ந்து குடித்துவிட்டு, 'மழையில்லாத ஊரை விட்டுப் போறோமே' என்று மாரடித்து அழுவார்கள். வானத்துக்கு மனசு இளகுமாம். வெள்ளிக்கிழமை எடுப்பதாக ஊர் கூடி முடிவு செய்தது.

அதே வெள்ளிக்கிழமைதான் அந்த விழா; மெட்ராஸிலிருந்து பெரிய ஆபீசர் பொன்னுத்தாயின் புஞ்சையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு!

அதற்கு முந்தின நாள் ஞானராஜ் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். பந்தல் வேலையைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ நேரே பொன்னுத்தாய் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அம்மா, கஞ்சியை ஒரு நாள் தள்ளி வச்சுக்கிடுங்களேன்..."

"ஏன் சார்வாள்? அதெல்லாம் மூடநம்பிக்கைன்னு நீங்கதானே சொன்னீய?"

"மூடநம்பிக்கைதான்... இருந்தாலும் ஒருவேளை பெஞ்சு தொலைச்சுட்டா? ஜீப்பு கரிசல்ல புதைஞ்சுருமே! ஆபீசர் எங்கன உக்காருவாவ?"

"என் பருத்தி வாடுதது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"ஒரே ஒரு நாள்ம்மா. எங்க சர்ச்சுல வச்சிருந்த மழை ஜெபத்தையே அடுத்த வாரத்துக்கு மாத்தச் சொல்லிட்டு வாரேன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே மனுஷன், இரண்டு மதத்து மழையையும் நிறுத்திவைத்துவிட்டாரே!

பொன்னுத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மழைப் பயிரைப் பாக்க வாற ஆபீசரு நனையக் கூடாதாக்கும். நல்ல நியாயம்! சரி, விருந்தாளி வாற அன்னைக்குத் தெருவுல உக்காந்து அழுதா நல்லாவா இருக்கும்? சனிக்கிழமை எடுத்துக்கிடுதோம்."

வெள்ளிக்கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஞானராஜ் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பெரிய ஆபீசர் மைக்கைப் பிடித்தார். தண்ணீர் சிக்கனத்தைப் பற்றி அரைமணி நேரத்துக்கு மேல் பேசினார். அவர் மாலையைக் கழற்றுவதற்குள் கிழக்கே கறுத்தது. காற்று... இடி... அப்புறம் பாருங்கள், கொட்டு கொட்டென்று கொட்டியது!

பந்தல் படுத்துவிட்டது. ஆபீசர் ஜீப்பில் ஏறினார். ஜீப் கரிசலில் இறங்கியது. ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து தள்ள, நானும் ஒரு கை கொடுத்தேன். காலை எடுத்தால் கால் மட்டும்தான் வருகிறது. என் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"கெடுத்துட்டே! எல்லாத்தையும் கெடுத்துட்டே!" என்று ஜீப்புக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டே மழையைத் திட்டினார் ஞானராஜ்.

திரும்பிப் பார்த்தேன். பொன்னுத்தாய் தன் பருத்திக் காட்டில் தெப்பலாக நனைந்து நின்றாள். பக்கத்துக் காடுகளில் மழைத்தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கு ஓடியது. அவள் காட்டில் மட்டும் கட்டத்துக்குக் கட்டம் தளும்பி நின்றது.

"சார்வாள்! இங்கன வந்து பாருங்க! நிக்குது... நிக்குது!" அழுகிறாளா, சிரிக்கிறாளா?

"இருங்கம்மா, மொதல்ல இவியள அனுப்பிட்டு வாரேன்!"

அனுப்பிவிட்டு அவர் வருவதற்குள் மழை விட்டு, நின்ற தண்ணீரை நிலம் குடித்துவிட்டது. எத்தனை வருஷமாக இந்தக் காட்சிக்குக் காத்திருந்த மனுஷன்! ஈர வரப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது.

அந்த மழையில் மொட்டு பிழைத்தது. காயும் பிடித்தது. ஆனால் காய் முற்ற இன்னொரு மழை வேண்டுமே? அதற்குப் பிறகு வானம் மறுபடியும் வெளுத்துக் கிடக்கிறது.

போன வாரம் ஞானராஜைப் பார்க்க அவர் ஆபீசுக்குப் போனேன். பொன்னுத்தாய் ஊர்ப் பெண்களோடு வந்து நிற்கிறாள்.

"என்னம்மா, மழைக்கஞ்சி எடுத்தாச்சா?" என்றேன்.

"அது எதுக்கு அண்ணாச்சி? அழுது தொண்டை கட்டுனதுதான் மிச்சமாவும்." ஞானராஜ் பக்கம் திரும்பினாள். "சார்வாள், அந்தப் பெரிய ஆபீசரை இன்னொருக்கா கூட்டிட்டு வாங்க. மைக் செட்டும் கண்டிப்பா வேணும். பந்தலை நாங்க போட்டுக்கிடுதோம்."

பெண்கள் சிரித்தார்கள். ஞானராஜ் சிரிக்கவில்லை. மெட்ராஸுக்கு டிரங்க் கால் புக் செய்துவிட்டு நிமிர்ந்தார்.

"வரச் சொல்லுதேன். ஆனா ஒண்ணு, இந்தத் தடவை ஜீப்பை நீங்களே தள்ளிக்கிடுங்க. நான் காட்டுலதான் நிப்பேன்."

நானும் போகிறேன்... பழைய செருப்போடு!