நேதனுக்கு ஊற்றாத தண்ணீர்

இந்த ஊரில் வெண்டைக்காய் வாங்கப் போனால்கூடக் கேட்பார்கள். பில் போடுகிற பெண்மணி காயை எடை போட்டுக்கொண்டே, எங்கிருந்து வந்தாய், வீட்டுக்காரர் என்ன வேலை என்றெல்லாம் கேட்காமல், "விச் சர்ச் டு யூ கோ டு, ஹனி?" என்பாள். முதல் முறை திகைத்துப்போனேன். திண்டிவனம் மார்க்கெட்டில் முன்பின் தெரியாத ஒருவர் எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்டால், அந்தக் கேள்விக்குள் எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்ற இன்னொரு கேள்வி இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. அமெரிக்காவின் தெற்கே, டென்னஸி மாநிலத்தில், பெட்ரோல் பங்குகளைவிடத் தேவாலயங்கள் அதிகமாக இருக்கும் சின்ன ஊர் இது. அவளுக்கு உண்மையிலேயே என்னுடைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அக்கறை. பல நாள் அந்தக் கேள்விக்குப் பெருமையாகப் பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது கேட்டால் வாயைத் திறக்கக் கொஞ்ச நேரமாகிறது.

என் கணவர் பிரபு, விழுப்புரம் பக்கம் அனந்தபுரத்து விவசாயக் குடும்பம். ஓரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரை, கம்பெனி இங்கே இருக்கும் தன் கிளைக்கு அனுப்பியது. நான் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில் பிறந்தவள். அப்பா நான் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா லூர்து, ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. எங்கள் கல்யாணம் விழுப்புரத்தில் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. முகம் திருப்பிக்கொண்ட இரண்டு வீடும் ஒரு தீபாவளிக்கும் ஒரு கிறிஸ்துமஸுக்கும் பிறகு திரும்பிப் பார்த்தன. இங்கே வந்தபோது என் விசாவில் நான் வேலைக்குப் போக முடியாது. கத்தோலிக்கக் கோயில் காரில் ஒரு மணி நேரம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பக்கத்து வீட்டு மிஸ் டோனாதான் தன்னுடைய பாப்டிஸ்ட் சபையில் புதன்கிழமை இலவசமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதாகக் கூட்டிப்போனார். மூன்றாவது புதனோ நான்காவது புதனோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டெல்லா, ஆர் யூ சேவ்ட்?" என்று கேட்டார். நான் அதை 'சேஃப்' என்று புரிந்துகொண்டு, எங்கள் அபார்ட்மெண்ட் கதவுக்கு இரண்டு பூட்டு இருக்கிறது, பயமில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

இரட்சிக்கப்பட்டாயா என்பதுதான் கேள்வி. அதை எனக்குப் புரியவைக்க அந்தச் சபை ஒரு வருடம் பொறுமையாக இருந்தது. பாஸ்டர் கேரி, முன்பு பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர், விரலை மடக்கி மடக்கிச் சொல்வார். வேதத்தில் பிழையில்லை, அதற்கு மேல் எந்த அதிகாரமும் இல்லை. மனிதன் பாவி. நற்செயலால் யாரும் மீள முடியாது. சிலுவையில் மரித்தவரை நம்புவதால் மட்டுமே மீட்பு, அது இலவசம். உண்மையில் நம்பியவனை அவர் கடைசிவரை கைவிடமாட்டார். கடவுளுக்கும் உனக்கும் நடுவில் குரு தேவையில்லை. அப்பமும் திராட்சை ரசமும் அவர் சாவை நினைவுகூருவதற்கு மட்டும். செத்தவருக்காக ஜெபிப்பதில்லை, அவர்கள் காரியம் முடிந்துவிட்டது. ஞானஸ்நானம் யாரையும் இரட்சிக்காது. இரட்சிக்கப்பட்டவன் அதை ஊருக்குச் சொல்லும் அடையாளம் அது. அதனால் தன் வாயால் நம்புகிறேன் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு மட்டும்தான், அதுவும் முழுக்க மூழ்கி. "அப்போ கொழந்தைங்க?" என்று நான் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன். நன்மை தீமை அறியாத குழந்தையைக் கடவுள் தன் இரக்கத்தில் வைத்திருக்கிறார், அதற்குத் தண்ணீர் வேண்டாம் என்றார்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது வறட்டு உபதேசமாகத் தோன்றலாம். எனக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்தது. எங்கள் அப்பா குடித்தவர், கடைசியில் பாவசங்கீர்த்தனம் கேட்கக் கோயில் சாமியார் வருவதற்குள் உயிர் போய்விட்டது. மோட்சத்துக்கு முன்னால் பாவம் தீரக் கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவர் எத்தனை காலம் வேக வேண்டுமோ என்று அம்மா கோயிலில் அவர் பேருக்குப் பூசைக்கு மேல் பூசையாக வைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே சபையில் ஒருத்தி, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள், தான் செத்தால் எங்கே போவேன் என்பதைப் பேருந்து எண் சொல்வதுபோலச் சந்தேகமில்லாமல் சொன்னாள். சபையின் கூரையை மாற்றலாமா என்று கேட்டபோது அவளும் பாஸ்டரும் ஒரே மாதிரி கை தூக்கினார்கள், இருவருக்கும் ஒரே ஓட்டு. பெண் பாஸ்டராக முடியாது என்பது எனக்கு உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்புகிறவர்கள் முன்னே வரலாம் என்று பாஸ்டர் அழைத்தபோது, நான் எழுந்து போனேன். யாரும் தள்ளவில்லை.

மேடைக்குப் பின்னால் ஒரு தொட்டி. பின்சுவரில் நதியும் மரங்களும் வரைந்திருப்பார்கள். ஹீட்டர் போட்ட தண்ணீர். பாஸ்டர் என் மூக்கில் கைக்குட்டையை வைத்து முதுகைத் தாங்கி உள்ளே சாய்த்துத் தூக்கினார். ஈரத் தலையோடு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். என் சந்தோஷத்தை அவளும் படுவாள் என்று நினைத்தேன்.

"மறுபடியும் ஞானஸ்நானமா? அப்போ நான் உன்ன இடுப்புல தூக்கிக்கினு போயி, சாமியாரு உன் தலையில ஊத்துனது இன்னாடி, கொழா தண்ணியா?"

"அப்பிடி இல்லம்மா. அப்போ எனக்கு ஒண்ணும் தெரியாதில்ல."

"தெரியாதவளுக்குத்தான் நான் இருந்தேனே," என்றாள். பிறகு பேச்சை மாற்றி, அங்கே குளிரா என்று கேட்டாள்.

நேதன் பிறந்தது அடுத்த வருடம் கோடையில். இதயத்தில் கோளாறு என்று வயிற்றில் இருக்கும்போதே சொல்லிவிட்டார்கள். பிறந்ததும் ஒரு ஆபரேஷன். அது சரியாக அமையவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒயர்களுக்கு நடுவில் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். பிரபுவின் அம்மா திருவக்கரை வக்கிரகாளியம்மனுக்குப் பௌர்ணமிதோறும் வருவதாக வேண்டிக்கொண்டார். சபையில் ஆள் மாற்றி ஆள் ஜெபித்தார்கள். ஒரு காலை, டாக்டர் எங்களை உட்காரவைத்து, இனி செய்ய ஒன்றுமில்லை என்றார். பிரபு இரண்டு வீட்டுக்கும் போன் செய்தார். என் அம்மா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாளாம்.

அவள் அழவில்லை. வார்டில் பேசுகிற குரலில் பேசினாள். "நல்லா கேளு. ஞானஸ்நானம் இல்லாம புள்ள போவக் கூடாது. அங்க தண்ணி இருக்கும். சாமியாரு வரணும்னு இல்ல, அவசரத்துக்கு நீயே ஊத்தலாம். தலையில மூணு வாட்டி ஊத்தி, பேரச் சொல்லி, பிதா சுதன் சொல்லு. அவ்ளோதான். நம்ம வார்டுல எத்தினி கொழந்திங்களுக்கு நான் ஊத்தியிருக்கேன், பெத்தவங்க கேட்டுக்கினாங்கன்னா. ஜல்தியா ஊத்துடி, ஸ்டெல்லா."

போனைப் பிரபுவிடம் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டவள்போல, குழந்தைக்கு ஞானஸ்நானம் வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டு, ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பிரபு சுவரில் சாய்ந்து நின்றார். அவருக்கு எந்தச் சாமியும் பெரிதாக இருந்ததில்லை. "எங்கம்மா திருவக்கரையில வேண்டிக்கினு இருக்குது. உங்கம்மா தண்ணி ஊத்தச் சொல்லுது. உங்க பாஸ்டர் ஒண்ணும் வேணாங்கறாரு. எவனாச்சும் ஒருத்தன் புள்ளையக் காப்பாத்தினா போதும்," என்றார். பிறகு, "ஊத்திடு ஸ்டெல்லா. தண்ணிதானே," என்றார்.

தண்ணீர்தான். அதனால்தான் என்னால் முடியவில்லை. ஊற்றினால், அந்த நிமிடம்வரை என் பிள்ளை கடவுளுக்கு வெளியே கிடந்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். மூன்று கை தண்ணீருக்காகக் கதவை மூடிவைத்திருக்கும் ஒருவரிடம் அவனைக் கொடுக்க எனக்கு மனமில்லை. நான் நம்பியது உண்மையென்றால் அது இங்கேயும் உண்மையாக இருக்க வேண்டும். பிடிவாதம் என்று நீங்கள் சொல்லலாம். பிரபு அன்று அப்படித்தான் சொன்னார். ஒயர்களை எடுத்துவிட்டு நேதனை என் மடியில் வைத்தார்கள். அவன் தலைமுடி என் அம்மாவுடையதைப்போல நெற்றியில் சுழித்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே இருந்தேன். கிண்ணம் மேசையிலேயே இருந்தது. மதியத்துக்குள் அவன் போய்விட்டான்.

"ஊத்துனியா?" என்றாள் அம்மா.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கடல் தாண்டி யாருக்குத் தெரியும்? "இல்லம்மா," என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு சில மாதம், சாப்டியா, அவரு வேலைக்குப் போறாரா என்பதைத் தாண்டி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சபைக்காரர்கள் எங்களைத் தாங்கினார்கள், அதை மறைக்கக் கூடாது. வாரக்கணக்கில் வீட்டு வாசலில் யாராவது சமைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள்; சீஸ் போட்ட பண்டங்களை எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் பிரபு ஊறுகாய் தொட்டுக்கொண்டார். சபைக் கல்லறையில் இடம் கொடுத்தார்கள். பாஸ்டர் குழிக்கருகில் மண்டியிட்டு அழுதார். நேதன் இப்போது கர்த்தரிடம் பத்திரமாக இருக்கிறான் என்றார், நானும் அப்படியே நம்பினேன். இன்றும் நம்புகிறேன். ஆனால் இலையுதிர்காலம் வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஒருவர் முழங்கால் வலி என்பார், ஒருவர் மகனுக்கு வேலையில்லை என்பார். ஒருநாள் நான் கை தூக்கி, "நேதன்" என்றேன்.

மிஸ் டோனா என் முதுகில் கை வைத்தார். பாஸ்டர் மிகவும் அன்பாக, "ஸ்டெல்லா, ஹீ டஸ்ன்ட் நீட் இட். வீ வில் ப்ரே ஃபார் யூ," என்றார். அவர் சொன்னது சரி. அவனுக்குத் தேவையில்லைதான். அவனுக்காக ஜெபிக்கச் சொல்லி நான் கேட்கவுமில்லை. அந்தப் பெயரை நான்கு பேர் வாயால் கேட்க நினைத்தேன், அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எனக்காக ஜெபித்தார்கள். ஒருவரின் முழங்கால் வலிக்கும், இன்னொருவரின் மகன் வேலைக்கும் நடுவில் என் பெயர் வந்தது.

இந்த நவம்பரில் ஊருக்குப் போனேன். பிரபுவுக்கு லீவு கிடைக்கவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அம்மா ஒரு ஆட்டோவை நிறுத்திவைத்துக்கொண்டு நின்றாள். "இளைச்சுப் போயிட்ட," என்றாள், பெட்டியை வாங்கிக்கொண்டாள். வீட்டில் கேப்பைக் களி கிண்டி வைத்திருந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "நாளைக்கிக் கல்லறைத் திருநாளு. புள்ள பேருக்குப் பூசை வெச்சிருக்கேன். நீ வர்றதானா வா," என்றாள்.

"அவனுக்குப் பூசை வேணாம்மா. அவன் நல்லாத்தான் இருக்கான்."

"நல்லா இருக்கட்டும்டி. சாமியாரும் அதத்தான் சொன்னாரு. லூர்து, பயப்படாத, ஆண்டவரு இரக்கம் உள்ளவரு, பச்சப் புள்ளய வுட்டுடமாட்டாருன்னு சொன்னாரு. எனக்குத்தான் மனசு ஆறல." தட்டை எடுத்துக் கழுவப் போனவள் அங்கிருந்தே கேட்டாள்: "நல்லா இருக்கறவங்க பேரச் சொல்லக் கூடாதுன்னு உங்க கோயில்ல எதுனா இருக்குதா?"

பாஸ்டர் விரல் மடக்கிச் சொன்ன ஒவ்வொன்றையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை.

மறுநாள் காலை கோயிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லோரும் முழங்கால் போட்டபோது நான் தலையை மட்டும் குனிந்துகொண்டேன். சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். அந்தோணிசாமி, ஆரோக்கியமேரி, சவரிமுத்து. பிறகு சின்னத் தடுமாற்றம். "டென்னஸி... அமெரிக்காவில் இறந்த, லூர்து பேரன், நாதன்." நேதனை அவர் நாதன் ஆக்கிவிட்டார். சுற்றிலும் இருந்த பெண்கள், என் பிள்ளையை ஒருநாளும் பார்த்திராதவர்கள், ஒரே குரலில் "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்றார்கள். அந்த வார்த்தையை நான் சேர்ந்து சொல்லவில்லை; சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறவள். ஆனால் அவர்கள் நிறுத்தியபோது இன்னொரு முறை சொல்லமாட்டார்களா என்றிருந்தது. சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் வரிசையில் போனார்கள். பெஞ்சு முழுக்கக் காலியாகி, நான் மட்டும் ஓரத்தில் மிச்சமிருந்தேன். ஒரு பெண் திரும்பி வரும்போது என்னைத் தாண்டிப் போக இடம் கேட்டாள், கோயிலைப் பார்க்க வந்த வெளியூர்க்காரியிடம் கேட்பதுபோல.

பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நேதனுக்கு இங்கே கல்லறை கிடையாது என்பதால் அம்மா அப்பாவின் கல்லறை மேலேயே இரண்டு மெழுகுவர்த்தி நட்டாள். அப்பாவுடையது எரிந்தது. சின்னது ஈரத்தில் அணைந்து அணைந்து போனது. "இந்த மழை வேற ஒரே பேஜாரு," என்று முனகிக்கொண்டே தீக்குச்சியை மறுபடி உரசினாள். நான் என் குடையை அதன் மேல் சாய்த்தேன். இந்தமுறை நின்று எரிந்தது. அம்மா கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தாள். நான் ஜெபிக்கவில்லை. என் முதுகில் மழை இறங்கி ரவிக்கை முழுக்க நனைந்துகொண்டிருந்தது. அவள் முடிக்கும்வரை குடையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.